இணையக் கடையில் நம்பிக்கை உடைந்தபின்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரையில் சுங்குடிப் புடவைகளை இணையவழியாக விற்கும் தொழிலில் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு, எங்களால் கட்டி அனுப்பக்கூடிய அளவைவிட மிக அதிகமான ஆர்டர்களை ஆசையினால் ஏற்றுக்கொண்டோம். பலருக்குப் புடவை பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. வசை வாங்கியது அந்த ஒரு மாதம்தான். விற்பனை பழைய நிலைக்குத் திரும்ப ஓராண்டுக்கும் மேலாயிற்று.

அப்போது நாங்கள் முதலில் செய்தது, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியதுதான். "குடுத்த காசுக்கே புடவை வரல, இதுல இன்னொரு தடவை காசு கட்டணுமா?" என்று ஒருவர் பதில் எழுதினார். அவர் கேட்டது முழுக்க நியாயம். பழைய கணக்கு தீராதிருக்கும்போது தரப்படும் தள்ளுபடி, வாங்குபவர் காதில் "இன்னும் கொஞ்சம் பணம் கொடுங்கள்" என்றுதான் விழுகிறது. எந்த இடத்தில் உடைந்ததோ அந்த இடத்தில்தான் ஒட்டுப்போட முடியும். ஆனால் அந்த இடத்தை வாடிக்கையாளர் நம்மிடம் நேராகச் சொல்லமாட்டார்; அவருடைய நடத்தையிலிருந்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ளவை அப்படிக் கண்டுபிடிப்பதற்கான வழிகள்.

தொடங்கும் முன்

கடந்த ஆறு மாத ஆர்டர்களை ஒரு தாளில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த நாள், நாம் சொன்ன நாள், பார்சல் உண்மையில் சேர்ந்த நாள், பணம் செலுத்திய முறை, புகார் இருந்தால் அது வந்த நாளும் தீர்ந்த நாளும் ஆகியவை எல்லாக் கடைகளிலும் எப்படியோ எங்கோ இருக்கும். அவற்றோடு இன்னொரு கட்டத்தையும் சேருங்கள்: பொருள் கைக்குச் சேரும்வரை வாடிக்கையாளர் தாமாக எத்தனை முறை நம்மை அழைத்தார், அல்லது வாட்ஸ்அப்பில் கேட்டார் என்ற எண்ணிக்கை. இதைத் திரட்டுவதற்குப் பொறுமை வேண்டும், ஏனெனில் பழைய உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆயினும் எங்கள் நோயைக் காட்டிக்கொடுத்தது இந்தக் கட்டம்தான். ஒரே புடவைக்காக நான்கு முறை "என்னாச்சு?" என்று கேட்டவர்களில் பெரும்பாலோர், புடவை சரியாகவே வந்துசேர்ந்த பின்னும் மறுபடி வாங்கவில்லை.

அறிகுறி: முன்பு ஜிபேயில் பணம் அனுப்பியவர்கள் இப்போது சிஓடி (பொருள் கைக்கு வந்தபின் பணம் தருவது) கேட்கிறார்கள்

இது பணத்தைப் பற்றிய பயம். பொருளின் தரத்தின் மீது அவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது, இல்லையென்றால் ஆர்டரே போடமாட்டார். ஏதோ ஒரு கட்டத்தில் அவருடைய பணமோ அவருக்குத் தெரிந்த ஒருவரின் பணமோ நம்மிடம் மாட்டிக்கொண்டு, அது எப்போது திரும்பும் என்று சொல்ல ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

முதலில், பணம் திருப்பித் தர ஒப்புக்கொண்ட நாளுக்கும் அது வாடிக்கையாளர் கணக்கில் ஏறிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இங்கே இருவேறு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும், அவற்றைப் பிரித்தாக வேண்டும். ஒன்று, வாங்குபவரின் கணக்கில் பணம் கழிந்து, நம்மிடம் உறுதிச் செய்தி வராமல் தோல்வியடைந்த பரிவர்த்தனை. இது வங்கி முறைமையின் பொறுப்பு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐ வழியே வணிகருக்குச் செலுத்தி இவ்வாறு தடைபட்ட பணம் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மற்றொன்று, பொருளைத் திருப்பி அனுப்பியபின் நாம் தரவேண்டிய பணம். அந்தச் சுற்றறிக்கை இதற்குப் பொருந்தாது. இது முழுக்க நம் பொறுப்பு. முதல் வகைக்கு "உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்று சொல்லிப் பழகிய ஊழியர், இரண்டாம் வகைக்கும் அதையே சொல்லிவிடுவதுண்டு. எங்கள் கடையில் அதுதான் நடந்திருந்தது.

சரிசெய்வது எளிது. திருப்பித் தர வேண்டிய பணத்தை அன்றே அனுப்புங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணை வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள். "பணம் அனுப்பிவிட்டோம்" என்ற சொல்லுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது, ஏனெனில் எண்ணை வைத்துக்கொண்டு அவர் தம் வங்கியில் தாமே சரிபார்க்க முடியும். மற்றபடி, சிஓடியை நிறுத்திவிடுவதோ அதற்குக் கூடுதல் கட்டணம் விதிப்பதோ இந்த நிலையில் தவறு. சிஓடி என்பது இப்போது அவர் ஊன்றி நடக்கும் கோல். பயம் போனபின் அவரே கீழே வைத்துவிடுவார்.

அறிகுறி: பணம் கட்டிய பிறகு "ஸ்டாக் இல்லை" என்று நாமே ரத்து செய்யும் ஆர்டர்கள்

இதைப் பல கடைக்காரர்கள் சிக்கலாகவே நினைப்பதில்லை, பணத்தைத்தான் உடனே திருப்பிவிட்டோமே என்பார்கள். ஆனால் வாங்கியவர் அந்தப் புடவையை மனதில் உடுத்திப் பார்த்து முடித்தபின் அல்லவா நாம் இல்லை என்கிறோம்? கைவினைப் பொருட்களில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம், ஒரு நிறத்தில் ஒரே ஒரு புடவை இருக்க, அதே படம் இணையதளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஓட, கடைக்கு நேரில் வந்தவரும் அதையே எடுத்துப் போவதுதான். மென்பொருள் வாங்குவதற்கு முன், விற்றதும் படத்தை எல்லா இடத்திலும் நீக்குவதற்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கிப் பாருங்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

விலை தவறாக ஏறிவிட்ட ஆர்டர்களும் இந்த வகைதான். அமெரிக்காவில் இணையவழியே காலணி விற்கும் ஜாப்போஸ் நிறுவனத்தின் துணைத் தளமான 6பிஎம்.காம், 2010 மே மாதத்தில் விலை குறிக்கும் மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழையால் சில மணி நேரம் தளத்திலிருந்த எல்லாப் பொருட்களையும் 49.95 டாலருக்கு மிகாமல் விற்றுவிட்டது. நிறுவனம் அந்த ஆர்டர்களை ரத்து செய்யவில்லை. 16 லட்சம் டாலருக்கு மேல் நட்டத்தை ஏற்றுப் பொருட்களை அனுப்பியது. அவ்வளவு பெரிய மனம் காட்டச் சிறுகடைகளால் முடியாது என்பது உண்மை. ஆனால் ஏழெட்டு ஆர்டர்கள் விஷயத்தில் முடியும், பெரும்பாலும் நமக்கு வருவதும் ஏழெட்டுதான்.

அறிகுறி: ஒவ்வோர் ஆர்டருக்கு முன்பும் "இது ஒரிஜினல்தானா? கலர் இப்படியே இருக்குமா?"

இந்தக் கேள்வி திடீரெனக் கூடினால், நம் படமும் சொல்லும் பொருளோடு ஒட்டவில்லை என்று பொருள். சுங்குடியில் இது ஆழமான புண். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது துணியைப் புள்ளி புள்ளியாக நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்க்கும் கைவேலைக்குப் பெயர்பெற்றது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ போட்ட புடவைகள். அச்சுப் புடவை விற்பதில் குற்றமில்லை. விலை குறைவு, உடுத்தவும் நன்றாகவே இருக்கும். அதைக் கைமுடிச்சு என்று நம்பும்படி எழுதிவைத்து விற்பதுதான் குற்றம். "பாரம்பரியச் சுங்குடி" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு, மீதியை வாங்குபவரின் கற்பனைக்கு விடுவதும் அதில் அடக்கம்.

சரிசெய்ய, ஒவ்வொரு புடவைக்கும் ஒரு படத்தை மிக அருகில் எடுங்கள். கைமுடிச்சில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. முடிச்சு அவிழ்ந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி எழுந்திருக்கும். அச்சில் வரிசை பிசகாது, துணி வழவழவென்று இருக்கும். இந்த வேறுபாட்டை நம் பக்கத்திலேயே இரு படங்களாகப் போட்டு, எது என்ன விலை என்றும் எழுதிவிட்டால், "ஒரிஜினல்தானா?" என்ற கேள்வியே வாங்குபவருக்கு எழாது. நாங்கள் அப்படிப் போட்டபோது, அச்சுப் புடவையின் விற்பனை சரிந்துவிடும் என்று என் தம்பி அஞ்சினான். சரியவில்லை. அன்றாடம் உடுத்த அச்சுப் புடவையே போதும் என்பவர்கள், தெரிந்தே அதை வாங்கினார்கள்.

நிறத்துக்கு, குழல்விளக்கின் அடியில் படமெடுப்பதை முதலில் நிறுத்துங்கள். எங்கள் அரக்கு நிறப் புடவை அந்த வெளிச்சத்தில் கத்தரிப்பூ நிறத்தை நோக்கி நழுவிவிடும். வாங்கிய பெண்மணி பார்சலைப் பிரித்தபோது வேறு புடவை வந்துவிட்டதாகவே எண்ணினார். காலை பத்து மணிக்கு மேல் சன்னலோரம் புடவையை விரித்து, அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறமும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். புதுப் புடவை கஞ்சியால் விறைப்பாக இருக்கும், முதல் சலவையில் சாயம் சற்று இறங்கும், தனியாக உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும் என்பவற்றை விற்பதற்கு முன்பே எழுதுங்கள். வாங்கும் முன் சொன்னால் குறிப்பு. புகார் வந்தபின் சொன்னால் சாக்கு.

அறிகுறி: "டெலிவர்டு" என்று காட்டுகிறது, பார்சல் வரவில்லை என்கிறார்கள்

கூரியர்காரரின் தவறாக இருக்கலாம், ஆனால் வாங்கியவருக்கும் கூரியருக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லை. அவர் பணம் கொடுத்தது நம்மிடம். கூரியர் அலுவலக எண்ணைக் கொடுத்து "நீங்களே கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்த ஒப்பந்தத்திலிருந்து நாம் நழுவப் பார்க்கிறோம். ஒப்படைப்புச் சான்றை நாமே கூரியரிடம் கேட்டு வாங்கி, 48 மணி நேரத்துக்குள் விடை கிடைக்காவிட்டால் மாற்றுப் பொருளையோ பணத்தையோ அனுப்பிவிடுவதை எங்கள் வழக்கமாக வைத்திருக்கிறோம். புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளிலேயே இருக்கிறது. பொருள் குறையுடையதாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ, நம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணமின்றிச் சொன்ன தேதியைத் தாண்டி வந்ததாகவோ இருந்தால், திரும்பப் பெறவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக்கூடாது என்பதையும் அவ்விதிகள் சொல்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. "பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் புகார் ஏற்கப்படாது" என்று பல சிறுகடைகள் எழுதிவைத்திருக்கின்றன. மேற்சொன்ன விதிகளில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கிழிந்த பழைய புடவையை வைத்துத் திருப்பி அனுப்பியவரை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதற்காக, பொருளை நீட்டும்போதே எல்லாரையும் திருடராக எண்ணிப் பேசலாமா? நாங்கள் வீடியோவை எங்கள் பக்கம் மாற்றிக்கொண்டோம். புடவையை விரித்துக் காட்டி, மடித்து, பெட்டியில் வைத்து, ஒட்டி, தராசில் எடை காட்டுவதுவரை ஒரே ஓட்டமாகக் கைபேசியில் எடுத்து ஆர்டர் எண்ணோடு வைக்கிறோம். கூரியர் ரசீதிலும் எடை இருக்கும். இரண்டு எடைகளும் ஒத்திருந்து, சேர்ந்த பெட்டி காலியாக இருந்தால், தவறு வழியில் நடந்தது என்பதற்கு அதுவே சான்று; அதை வைத்துக் கூரியரோடு சண்டைபோட வேண்டியவர்கள் நாம்தான்.

அறிகுறி: விமர்சனங்கள் வீழ்கின்றன, அல்லது சந்தேகப்படும்படி உயர்கின்றன

வீழ்ந்தால், கடுமையானவற்றை நீக்கத் தோன்றும். உறவினர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடத் தோன்றும். இரண்டும் வேண்டாம். நுகர்வோர் போல வேடமிட்டுத் தம் பொருளுக்குத் தாமே விமர்சனம் எழுதுவதை அதே 2020 விதிகள் தடைசெய்கின்றன. விமர்சனங்களைத் திரட்டி வெளியிடும் முறைக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை 2022இல் கொண்டுவந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வாங்குபவர்கள் இப்போது ஒரு நட்சத்திர விமர்சனத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள், அதற்குக் கடை என்ன பதில் சொன்னது என்று பார்க்கிறார்கள். எனவே பதிலில் "வருந்துகிறோம், தனிச்செய்தி அனுப்புங்கள்" என்று எழுதி முடிக்காமல், என்ன நடந்தது, எந்தத் தேதியில் என்ன செய்தோம் என்று அங்கேயே எழுதுங்கள். "12ஆம் தேதி பணம் திருப்பி அனுப்பப்பட்டது; பிழை எங்கள் பேக்கிங்கில் நேர்ந்தது" என்னும் ஒற்றை வரியே போதும். வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி எதையும் அதில் வெளியிடக்கூடாது.

அறிகுறி: கூடையில் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் போய்விடுகிறார்கள்

பெரும்பாலும், கடைசிப் பக்கத்தில் புதிதாக முளைக்கும் அனுப்பும் செலவுதான் காரணம். அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வரி பொய்யென்றால் எடுத்துவிடுங்கள். 2023 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் இவ்விரண்டும் அடங்கும்.

அறிகுறி: வாடிக்கையாளருக்கு வெளியாள் அழைத்து, நம் ஆர்டர் விவரத்தைச் சரியாகச் சொல்கிறார்

"நீங்கள் இன்ன கடையில் இன்ன விலைக்குப் புடவை வாங்கினீர்கள், உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது, வரி மட்டும் கட்டுங்கள்" என்று ஓர் அழைப்பு வந்ததாக யாரேனும் சொன்னால், அன்றைய மற்ற வேலைகளை நிறுத்திவிடுங்கள். மேலே உள்ளவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் சரிசெய்யலாம். இதற்கு அவ்வளவு அவகாசம் இல்லை. கசிவு எங்கே என்று தேடி முடிப்பதற்கு முன்பே எல்லா வாடிக்கையாளருக்கும் தெரிவியுங்கள். நாங்கள் பரிசு தருவதில்லை, ஓடிபி கேட்பதில்லை, பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள் என்ற மூன்றும் அதில் இருந்தாக வேண்டும். இவ்வாறான இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த கட்டளை.

பிறகு தேடுங்கள். சிறுகடைகளில் பெரும்பாலும் யாரும் கணினியை உடைத்துப் புகுவதில்லை. கதவு திறந்தே கிடக்கும். வேலையைவிட்டுப் போனவரின் கைபேசியில் இன்னும் திறந்திருக்கும் கடைக் கணக்கு, இணைப்பு வைத்திருப்பவர் எவரும் பார்க்கும்படி பகிரப்பட்ட ஆர்டர் பட்டியல், முகவரி ஒட்டுச்சீட்டில் பொருளின் பெயரும் விலையும் தொலைபேசி எண்ணும் ஒன்றாக அச்சாகியிருப்பது என்று தொடங்குங்கள். இந்த ஒட்டுச்சீட்டைப் பற்றி நாங்கள் ஆண்டுக்கணக்கில் யோசித்ததே இல்லை. பார்சல் போகும் வழியெங்கும் அதை எத்தனை பேர் படிக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

அறிகுறி: எந்தப் புகாரும் இல்லை, ஆனால் பழையவர்கள் வருவதில்லை

இதுதான் கடினமானது. ஆறு மாதத் தாளில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருக்கும், விற்பனை மட்டும் தேயும். அப்போது போன ஆண்டு இருமுறைக்கு மேல் வாங்கி இவ்வாண்டு வராத பத்துப் பேரைத் தேர்ந்து, தொலைபேசியில் அழைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. விற்பதற்காக அழைக்கவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் கடையில் வேலை பார்க்கும் இளைஞர் தேனிப் பக்கத்துப் பெண்மணி ஒருவரை அழைத்தபோது நான் அருகில் இருந்தேன்.

"அம்மா, வணக்கம்மா. மதுரை சுங்குடிக் கடையில இருந்து பேசுறேன். விக்கிறதுக்காகப் போன் பண்ணலம்மா. போன வருசம் நம்மகிட்ட ரெண்டு மூணு தடவை எடுத்தீங்க, அப்புறம் எடுக்கல. எங்க மேல ஏதும் வருத்தமா?"

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி." சற்று நேரம் பேச்சில்லை. "கடைசியா எடுத்தது எங்க மதினி வளைகாப்புக்கு. அன்னைக்கு வரல. மூணு நாள் கழிச்சு வந்துச்சு. எல்லாரும் தட்டோட நிக்கிறாங்க, நான் வெறுங்கையோட போய் நின்னேன்."

எங்கள் பதிவேட்டில் அந்த ஆர்டர் நல்லபடியாக முடிந்தது என்றே இருந்தது. நாங்கள் சொன்னது 5 முதல் 8 நாள். எட்டாம் நாள் சேர்ந்திருக்கிறது. விதிப்படி பிழையே இல்லை. அவருக்கு வேண்டிய நாள் எது என்று நாங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் பிழை. அன்று முதல் ஆர்டர் படிவத்தில் "எந்தத் தேதிக்குள் வேண்டும்?" என்ற ஒரு வரி இருக்கிறது. முடியாத தேதி என்றால் பணம் வாங்கும் முன்பே முடியாது என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் சிலர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் அடுத்த விசேஷத்துக்கு முன்கூட்டியே வருகிறார்கள்.

திரும்பி வருபவரின் முதல் ஆர்டர்

நம்பிக்கை இழந்தவர் திரும்பும்போது பட்டுப் புடவையோடு திரும்புவதில்லை. மிகக் குறைந்த விலையில் எதையாவது, ஒரு ரவிக்கைத் துணியையோ துப்பட்டாவையோ, சிஓடியில், அவசரம் எதுவுமில்லாத ஒரு மாதத்தில் போட்டுப் பார்ப்பார். அது நமக்கு வைக்கும் சோதனை. ஆனால் பேக்கிங் மேசையில் அது லாபமில்லாத சில்லறை ஆர்டராகத் தெரிவதால், பெரிய பார்சல்களுக்குப் பின்னால் தள்ளப்பட்டு இரண்டு நாள் தாமதமாகப் போகும். இதைத் தடுக்க, முன்பு புகார் செய்தவர்களின், பணம் திரும்பப் பெற்றவர்களின், தாமதத்தால் பாதிக்கப்பட்டவர்களின் எண்களைத் தனியே குறித்து வைத்து, அந்த எண்ணிலிருந்து வரும் எந்த ஆர்டரும் அன்றே வெளியேறும்படி செய்யுங்கள். அதோடு மன்னிப்புக் கடிதம், பரிசு, கூப்பன் எதையும் வைக்காதீர்கள். சொன்ன பொருளை, சொன்ன நிறத்தில், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகச் சேர்த்துவிட்டு, அவர் அடுத்த முறை எந்த முறையில் பணம் செலுத்துகிறார் என்று மட்டும் பாருங்கள்.